ஐந்தாம் நாள் வந்த ‘நெகட்டிவ்’: சிபிலிஸ் அச்சத்துடன் வந்த ஒரு தம்பதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். இந்தத் தம்பதியை ஏறத்தாழ ஓராண்டு பார்த்தோம். இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நாள் கணக்குதான் இந்த நிகழ்வின் முதுகெலும்பு என்பதால், கணவனும் மனைவியும் கடைசியாக உடலுறவு கொண்ட நாளை 0 என்று வைத்து மற்றதை எண்ணியிருக்கிறேன். இந்த 0 எது என்பதைக் கண்டுபிடிப்பதே முதலில் சிக்கலாக இருந்தது.

பின்னணி

கணவருக்கு முப்பதுகளின் பிற்பாதி வயது. மனைவி அவரைவிட நான்கு வயது இளையவர். நான்கு வயதில் ஒரு குழந்தை. இரண்டாவது குழந்தைக்கு முயலலாம் என்று கருத்தடையை நிறுத்தியிருந்தார்கள்.

நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 11 வாரம் முன்பு, வேலை நிமித்தமாக வெளியே தங்கியிருந்தபோது கணவர் வேறொரு பெண்ணுடன் ஆணுறையின்றி உறவு கொண்டிருக்கிறார். அதிலிருந்து நான்காம் வாரத்தில் ஆண்குறியில் ஒரு புண். வலி இல்லை, சீழ் இல்லை, ஓரம் மட்டும் தொட்டால் கெட்டியாக இருந்தது. “பேன்ட் உரசி வந்ததுன்னு நினைச்சேன்” என்றார். வீட்டிலிருந்த களிம்பைத் தடவினார். மூன்று வாரத்தில் புண் மறைந்தது. களிம்பு வேலை செய்துவிட்டது என்று நிம்மதியானார்.

களிம்பு எந்த வேலையும் செய்யவில்லை. உடலுறவால் தொற்றும் மேகநோயான சிபிலிஸின் முதல்நிலைப் புண் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். கிருமி தொற்றியதிலிருந்து புண் தோன்ற 10 முதல் 90 நாள் வரை ஆகலாம். சராசரி 21 நாள். புண் ஆறுவது நோய் அடுத்த நிலைக்குப் போகிறது என்பதற்கான அறிகுறிதான். ஒன்பதாம் வாரத்தில் அவருக்கு மார்பிலும் முதுகிலும் அரிப்பில்லாத சிவந்த தடிப்புகள் வந்தன. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தன. உள்ளங்கையைப் பார்த்த தோல் மருத்துவர் வேறு எதையும் யோசிக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சிபிலிஸுக்கான இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் ஆர்பிஆர் 1:64 அளவில் பாசிட்டிவ், டிபிஎச்ஏவும் பாசிட்டிவ். எச்ஐவி நெகட்டிவ். இரண்டாம் நிலை சிபிலிஸ். அங்கேயே பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி போட்டார்கள். அது 1ஆம் நாள்.

அன்றிரவு அவருக்குக் குளிர்காய்ச்சல் அடித்தது. தலைவலி, உடம்பெல்லாம் வலி. பென்சிலின் பட்டு ஏராளமான கிருமிகள் ஒரேயடியாக மடியும்போது முதல் 24 மணி நேரத்துக்குள் உடல் இப்படி எதிர்வினை காட்டுவதுண்டு. ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்பார்கள். அடுத்த நாளே அடங்கிவிடும். மனைவிக்கு இது எதுவும் தெரியாது. நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இதைப் பிற்பாடு எங்களிடம் மூன்று முறை சொன்னார். நோய் வந்ததைவிட அந்த இரவுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஊசி போட்டவர்கள் “மனைவியைக் கூட்டிவாருங்கள்” என்று சொல்லியிருந்தார்கள். கணவர் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். 3ஆம் நாள் மனைவி அவருடைய பையில் ஆய்வக அறிக்கையைப் பார்த்துவிட்டார்.

5ஆம் நாள் தனியாகக் குடும்ப மருத்துவரிடம் போனார். விடிஆர்எல் என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். நான்-ரியாக்டிவ், அதாவது நெகட்டிவ். “ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா போங்க” என்று அனுப்பிவிட்டார் மருத்துவர். அந்த நிம்மதி ஒரு சாயங்காலம்தான் நீடித்தது. இரவு செல்போனில் தேடியபோது, தொற்று ஏற்பட்ட உடனே எடுத்தால் ரத்தத்தில் தெரியாது என்று படித்தார். 9ஆம் நாள் கணவரோடு எங்களிடம் வந்தார். மேசை மேல் அறிக்கையை வைத்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இதை நம்பலாமா மேடம்?”

9ஆம் நாள்: கேட்டதும் கண்டதும்

இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். இது என் தவறு. கடைசியாக எப்போது சேர்ந்திருந்தீர்கள் என்று கேட்டதற்குக் கணவர்தான் பதில் சொன்னார். “ஒரு மாசம் இருக்கும்.” புண் இருந்தபோது விலகியே இருந்ததாகவும் சொன்னார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ‘30 நாள்’ என்று குறித்துக்கொண்டேன்.

உடல் பரிசோதனைக்கு மனைவி மட்டும் உள்ளே போனார். முடிந்து வந்ததும் செவிலியர் என்னைத் தனியாக அழைத்து, “தேதி தப்பாம், உங்ககிட்ட சொல்லணுமாம்” என்றார். மேசை நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு கட்டத்தில் நகத்தை வைத்தார். கொஞ்சம் யோசித்து அதற்கு முந்தைய கட்டத்துக்கு நகர்த்தினார். “இவர் ஊசி போட்டுக்கிட்டதுக்கு முந்தின நாள் ராத்திரி.” அதாவது 9 நாள் முன்பு. அதோடு நிற்கவில்லை. புண் இருந்ததாகக் கணவர் சொன்ன வாரங்களிலும் உறவு இருந்திருக்கிறது. விலகியிருந்ததெல்லாம் இல்லை.

30 நாளுக்கும் 9 நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகள் பொதுவாகக் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன. டிபிஎச்ஏ, டிபிபிஏ போன்றவை தொற்றி 2 முதல் 4 வாரத்தில் பாசிட்டிவ் ஆகத் தொடங்கும். விடிஆர்எல்லும் ஆர்பிஆரும் புண் தோன்றி 1 முதல் 4 வாரம் கழித்துத்தான் பெரும்பாலும் ஏறும். புண் கண்ணெதிரே இருக்கும்போதே நெகட்டிவ் காட்டுவதும் உண்டு. ஆகவே 5ஆம் நாள் எடுத்த விடிஆர்எல், 0ஆம் நாள் இரவைப் பற்றி எதுவுமே சொல்லாது. ஐந்தாறு வாரத்துக்கு முந்தைய உறவுகளைப் பற்றி அரைகுறையாகச் சொல்லும். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கணவரின் அந்தப் பயணத்துக்கு முன்பு மனைவிக்குச் சிகிச்சை பெறாத பழைய தொற்று இருந்ததற்கான தடயம் இல்லை. குழந்தை வயிற்றிலிருந்தபோது எடுத்த பரிசோதனையும் நெகட்டிவ். அந்தக் கோப்பை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

குடும்ப மருத்துவர் தவறான பரிசோதனை செய்யவில்லை. ஆய்வகமும் தவறாகச் சொல்லவில்லை. தேதி கேட்காமல் ஆறுதல் சொன்னதுதான் குறை. அதே குறையை இன்னொரு விதத்தில் நானும் செய்ய இருந்தேன்.

மனைவியின் வாய், உள்ளங்கை, உள்ளங்கால், தொடையிடுக்கு நெறிக்கட்டு, பிறப்புறுப்பின் உட்பகுதி எல்லாவற்றையும் எங்கள் மருத்துவர் பார்த்தார். எங்கும் எதுவும் இல்லை. “எனக்குப் புண்ணே வரலையே” என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வலிக்காத புண், கருப்பை வாயிலோ யோனியின் உள்ளேயோ வந்து போனால் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஆர்பிஆர், டிபிபிஏ, நான்காம் தலைமுறை (கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும்) எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, கொனோரியா, கிளமிடியா பரிசோதனைகள் எடுத்தோம். மாதவிலக்கு நான்கு நாள் தள்ளிப்போயிருந்ததால் கர்ப்பப் பரிசோதனையும் செய்தோம். எல்லாமே நெகட்டிவ்.

ஏன் காத்திருக்கச் சொல்லவில்லை

எல்லாம் நெகட்டிவ் என்ற நிலையில் மருத்துவர் சொன்ன முடிவு, மனைவிக்கும் அன்றே பென்சிலின் ஊசி. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் 2021 சிகிச்சை வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: முதல் நிலை, இரண்டாம் நிலை அல்லது ஓராண்டுக்கு உட்பட்ட, அறிகுறி தெரியாத மறைநிலை சிபிலிஸ் உள்ளவருடன், அவருக்கு நோய் கண்டறிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் உறவு இருந்திருந்தால், ரத்தம் நெகட்டிவ் என்றாலும் சிகிச்சை தர வேண்டும். 90 நாளைத் தாண்டிய உறவு மட்டும்தான் என்றால் நெகட்டிவ் முடிவை நம்பி விட்டுவிடலாம். உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் தொற்றை, புண் வருமுன்பே ஒரே ஊசி நிறுத்திவிடும். மூன்று மாதம் கழித்துப் பாசிட்டிவ் வந்தபின் கொடுப்பதும் அதே ஊசிதான். இடையில் போவது மூன்று மாத நிம்மதி. அந்த மூன்று மாதத்தில் கரு உருவானால் நோய் குழந்தைக்கும் போகக்கூடும்.

மருத்துவர் ஒரு தாளில் கோடு போட்டு இதை விளக்கினார். மனைவி முழுவதும் கேட்டுவிட்டு, “நோயே இல்லைன்னு எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு எனக்கு ஊசி?” என்றார்.

“இல்லைன்னு எழுதலைம்மா. இன்னும் தெரியலைன்னு எழுதியிருக்கு.”

“ஊசி போட்டுக்கிட்டா நானும் அந்தக் கணக்குல சேர்ந்துடுவேன்ல?”

இதற்கு மருத்துவரிடம் உடனே பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஊசியை அவர் மருந்தாகப் பார்க்கவில்லை. மேகநோய் என்ற சொல்லை அதுவரை வசவாகத்தான் கேட்டிருக்கிறார். தன்மேல் குற்றமே இல்லாத ஒரு விஷயத்தில், ஊசியைப் போட்டுக்கொண்டால் தன் பெயரும் அதன்கீழ் எழுதப்படும் என்பது அவர் பயம். மருத்துவக் காரணங்களை இன்னொரு முறை அடுக்கினால் அந்தப் பயம் போகாது.

நாங்கள் வற்புறுத்தவில்லை. இரண்டு வழிகளையும் எழுதிக் கொடுத்தோம். ஒன்று, ஊசி போட்டுக்கொண்டு 6ஆம் வாரத்திலும் 90 நாள் கழித்தும் பரிசோதனை. இரண்டு, ஊசி இல்லாமல் அதே பரிசோதனைகள், அதுவரை உறவே கூடாது, உடம்பில் எங்கு எது தோன்றினாலும் உடனே வர வேண்டும். எங்கள் பரிந்துரை முதல் வழி என்பதையும் எழுதினோம். அவர் ஊசி போட்டுக்கொள்ளாமலே கிளம்பினார். “போனவங்க திரும்பி வரலைன்னா?” என்று மூத்த செவிலியர் என்னிடம் கடிந்துகொண்டார். நியாயமான கேள்வி. பின்தொடர்ந்து வரமாட்டார் என்று தோன்றுபவரை அன்றே சிகிச்சை தந்து அனுப்புவதுதான் வழக்கம். இவர் நாட்காட்டியில் நாளைத் திருத்திச் சொன்ன விதத்தை வைத்து, திரும்பி வருவார் என்று நான் நம்பினேன். நம்பிக்கை என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

11ஆம் நாள் தனியாக வந்தார். “போட்டுடுங்க” என்றார். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டோம். இல்லை. பென்சத்தீன் பென்சிலின் மற்ற ஊசி மருந்து மாதிரித் தண்ணீராக இருக்காது. கெட்டிப் பால்போல இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் பருமனான ஊசிதான் போட வேண்டும். 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து இடுப்பின் இருபுறமும் மெதுவாக ஏற்றினார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து போகச் சொன்னதற்கு, “உட்கார முடிஞ்சாத்தானே” என்றார். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே தொலைபேசி. “மேடம், எனக்குக் காய்ச்சலே வரலை. அவருக்கு வந்துச்சே. அப்போ எனக்கு நோய் இல்லைன்னுதானே அர்த்தம்?” இரவெல்லாம் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். கணவரின் காய்ச்சல் கிருமி செத்ததால் வந்தது என்று விளக்கியவள் நான்தான். அதை வைத்து அவர் தனக்குத்தானே ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் நிலையில் கிருமி உடலெங்கும் பரவியிருக்கும்போது அந்த எதிர்வினை அதிகம் வரும், எல்லாருக்கும் வருவதில்லை. தொற்றின் ஆரம்ப நாட்களில் இருப்பவருக்கு வராமல் போவது இயல்பு. வராததால் நோய் இல்லை என்றாகாது. இதைச் சொன்னபோது மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை.

46ஆம் நாள்: பைக்குள் நான்கு அறிக்கைகள்

14ஆம் நாள் மாதவிலக்கு வந்துவிட்டதாகத் தகவல் சொன்னார். அதன்பின் ஒரு மாதம் பேச்சில்லை. 46ஆம் நாள், குறித்தபடி வந்தார். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து நான்கு தாள்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினார். வெவ்வேறு ஆய்வகங்களில் தானே போய் எடுத்தவை. மூன்று நெகட்டிவ். நான்காவது, 40ஆம் நாள் எடுத்தது. ஒளியை அளந்து கண்டறியும் கெமிலூமினசன்ஸ் முறையில் சிபிலிஸ் எதிர்ப்பொருள் அளவு 1.12, அந்த ஆய்வகத்தில் 1.0க்கு மேல் என்றால் ரியாக்டிவ். அந்த எண்ணைச் சுற்றி பேனாவால் பலமுறை வட்டம் போட்டதில் தாள் கிழியும் நிலையில் இருந்தது. ஆறு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சிபிலிஸுக்கு இருவகை ரத்தப் பரிசோதனை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். விடிஆர்எல், ஆர்பிஆர் இரண்டும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்ப்பவை. மாட்டின் இதயத் தசையிலிருந்து எடுக்கப்பட்டு வந்த பொருள் அது. சிபிலிஸ் கிருமிக்கே உரியதல்லாத ஒன்றை வைத்து சிபிலிஸைப் பிடிக்கும் பரிசோதனைகள் இவை. கிருமி கண்டறியப்பட்ட 1905ஆம் ஆண்டுக்கு அடுத்த வருடம் வந்த வாசர்மன் பரிசோதனைதான் இவற்றின் முன்னோடி. சிபிலிஸ் இல்லாமலே கர்ப்பம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், சில வைரஸ் காய்ச்சல்கள் ஆகியவற்றில் இவை பாசிட்டிவ் காட்டுவதற்குக் காரணமும் இதுதான். டிபிஎச்ஏ, டிபிபிஏ, கெமிலூமினசன்ஸ் போன்றவை கிருமியின் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்க்கும். துல்லியம் அதிகம். ஆனால் எல்லைக்கோட்டை ஒட்டி வரும் எண்களில் தவறான பாசிட்டிவ் கலந்திருக்கும். ஒருவகைப் பரிசோதனையில் மட்டும் பாசிட்டிவ் வந்தால், மற்ற வகையாலும் வேறொரு முறையாலும் சரிபார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது.

அன்றே புது ரத்தம் எடுத்தோம். ஆர்பிஆர் நெகட்டிவ், டிபிபிஏ நெகட்டிவ். 58ஆம் நாள் மீண்டும் எடுத்தபோதும் அப்படியே. கெமிலூமினசன்ஸும் இம்முறை எல்லைக்குக் கீழே. 1.12 தவறான பாசிட்டிவ் என்று கொள்வதற்கே ஆதாரம் அதிகம். ஒருவேளை தொடங்கிய தொற்று ஒன்று ஊசியால் அணைந்து, அதன் சிறு சுவடு தெரிந்ததா என்ற கேள்வியை முற்றாகத் தள்ளவும் இயலாது. எப்படியிருந்தாலும் தர வேண்டிய சிகிச்சை ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது. மருத்துவர் இதை ஒளிக்காமல் அப்படியே சொன்னார்.

எச்ஐவியும் நெகட்டிவ். கடைசி உறவிலிருந்து 45 நாள் கடந்த நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்பதால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளலாம் என்றோம். கணவருக்கு, அந்தப் பயணத்திலிருந்து எண்ணினால் 11ஆம் வாரத்திலேயே நெகட்டிவ் வந்திருந்ததால் அந்தப் பக்கம் எங்களுக்கும் கவலை இல்லை.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரியவந்தது. குழந்தையின் துணிகளைத் தனியாகக் கொதிக்கவைத்துத் துவைத்து வந்திருக்கிறார். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. குழந்தையைத் தன்னோடு படுக்க வைப்பதில்லை. ஆறு வாரமாக. இதை நாங்கள் கேட்டிருக்கவே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே தடுத்திருக்கலாம். இந்தக் கிருமி உடலுக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். துண்டு, பாத்திரம், கழிப்பறை, ஒரே படுக்கை வழியாகப் பரவாது. இந்தத் தொற்று அபாயம் குழந்தை பிறந்து சில ஆண்டு கழித்து வந்தது என்பதால் குழந்தைக்குப் பரிசோதனையும் தேவையில்லை. “அப்போ அவன் என்கூட படுக்கலாமா?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்குத்தான் எங்களால் எந்த நிபந்தனையும் இல்லாமல் பதில் சொல்ல முடிந்தது.

பரிசோதனையில் இல்லாத பதில்கள்

ஏன் இத்தனை ஆய்வகம் என்று கேட்டேன். முதலில் “பயம்தான்” என்றார். பிறகு கணவரின் பழைய அறிக்கையின் நகலை எடுத்துக் காட்டினார். “இந்த 1:64ன்னா என்ன மேடம்? அறுபத்தி நாலு தடவையா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரே ஒரு முறைதான் என்று கணவர் சொன்னது உண்மையா என்பதை அந்த எண்ணில் தேடியிருக்கிறார். 1:64 என்றால், ரத்தத்தின் தெளிநீரை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போகும்போது 64 மடங்கு நீர்த்த பிறகும் எதிர்வினை தெரிந்தது என்று பொருள். நோயின் வேகத்தை ஓரளவு காட்டும். சிகிச்சை பலிக்கிறதா என்று பின்தொடர உதவும். எத்தனை முறை, யாருடன், எப்போதிருந்து என்பதெல்லாம் அதில் இல்லை. தன் ரத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததற்கும் இதே காரணம்தான். தனக்குத் தொற்றியிருந்தால் எப்போது தொற்றியது என்று தெரியும், அதை வைத்துக் கணவர் சொல்லும் கதையைச் சரிபார்க்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. “ஊசி போட்டாச்சு. இப்போ எல்லாம் நெகட்டிவ். அப்போ எனக்கு வந்து போச்சா, வரவே இல்லையா?” தெரியாது, இனி தெரியவும் போவதில்லை என்று மருத்துவர் சொன்னார். ஊசி போட்ட பிறகு வரும் நெகட்டிவ், தொற்றாததாலும் இருக்கலாம், தொற்றி அணைந்ததாலும் இருக்கலாம். முன்கூட்டியே சிகிச்சை தருவதற்கு நோயாளி கொடுக்கும் விலை இது. ஊசிக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை.

கணவர் பற்றிய கேள்வியை ரத்தப் பரிசோதனைப் பிரிவிலிருந்து எடுத்து, தம்பதியர் ஆலோசனைக்கு அனுப்பினோம். இருவரும் சில முறை போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது இந்தப் பதிவுக்கு உரியதல்ல. அந்த அமர்வுகள் தொடங்கியபின் அவர் தனியார் ஆய்வகத்துக்குப் போகவில்லை.

93ஆம் நாளும் பிறகும்

93ஆம் நாள் கடைசிப் பரிசோதனை. ஆர்பிஆர், டிபிபிஏ இரண்டும் நெகட்டிவ். இதற்குமேல் இந்த நிகழ்வுக்காக எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று கோப்பில் எழுதி, அவரிடமும் எழுதிக் கொடுத்தோம். கரு தரிக்க முயலலாமா என்று கேட்டார். கணவரின் ஆர்பிஆர் அளவு குறைந்து வருவதை உறுதி செய்யும்வரை ஆணுறை, பிறகு தடையில்லை, கர்ப்பமானால் முதல் பரிசோதனையிலேயே சிபிலிஸுக்கும் பார்க்கச் சொல்லுங்கள் என்றோம்.

கணவரின் தடிப்புகள் மூன்று வாரத்தில் மங்கிவிட்டன. ஆர்பிஆர் ஆறாம் மாதத்தில் 1:8, பன்னிரண்டாம் மாதத்தில் 1:2. நான்கு மடங்கு குறைந்தாலே, அதாவது 1:64 என்பது 1:16 ஆனாலே, சிகிச்சை பலித்தது என்று கொள்வோம். அவருடைய டிபிஎச்ஏ அனேகமாக ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். எங்காவது ரத்ததானத்திலோ அறுவைச் சிகிச்சைக்கு முன்போ மீண்டும் ‘பாசிட்டிவ்’ என்று வந்து வீடு இன்னொரு முறை அதிரக்கூடாது என்பதற்காக, சிகிச்சைத் தேதியும் ஆர்பிஆர் அளவுகளும் எழுதிய அட்டை ஒன்றை இருவர் முன்னிலையில் கொடுத்தோம். ஒருமுறை வந்ததால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, மறுபடியும் தொற்றலாம் என்பதையும் அப்போதே சொன்னோம்.

அந்தப் பயணத்தில் சந்தித்த பெண்ணுக்குக் கணவர் தகவல் அனுப்பியதாகச் சொன்னார். அவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

மாற்றிக்கொண்டவை

தம்பதியாக வந்தாலும் தேதிகளைத் தனித்தனியாகவே கேட்கிறோம். உடல் பரிசோதனைக்கு அழைக்கும்போது கேட்டால் பிரித்து உட்கார வைத்ததாகத் தோன்றாது. ஆனாலும் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

முன்கூட்டிய ஊசிக்கு முன்பே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். ஊசி போடுவதால் ‘சிபிலிஸ் நோயாளி’ என்று பதிவாவதில்லை, ‘தொடர்பால் சிகிச்சை பெற்றவர்’ என்றுதான் பதிவாகும். காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தொற்றியதா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். மூன்றாவதைக் கேட்டபின் ஊசி வேண்டாம், காத்திருக்கிறேன் என்று சொன்னவரும் உண்டு. அவர் நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அதுவும் சரிதான்.

வீட்டில் என்னென்ன மாற்றிவிட்டீர்கள் என்று கேட்பது இப்போது முதல் நாள் கேள்விகளில் ஒன்று. கொதிக்கவைத்த துணிகள் இந்தப் பெண்ணோடு முடியவில்லை.

பரிசோதனை முடிவைத் தனியாக வாயால் சொல்வதை நிறுத்திவிட்டோம். கையடக்கச் சீட்டு ஒன்று அச்சடித்திருக்கிறோம். கடைசி உறவின் தேதி, இன்றைய தேதி, இன்றைய முடிவு எந்த நாள் வரையிலான உறவுக்குப் பொருந்தும், அடுத்து எந்தத் தேதியில் என்ன பரிசோதனை, எல்லாம் முடியும் தேதி எது என்று ஐந்து கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தை நோயாளியையே நிரப்பச் சொல்கிறோம், மேசை நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து.